ராபின் இல்லாத பக்கம்



1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் அச்சான ஒரு காமிக்ஸ் புத்தகத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ‘தி நியூ டீன் டைட்டன்ஸ்’ என்பது அந்தக் காலத்தில் டிசி காமிக்ஸ் வெளியிட்ட தொடர்களில் நன்றாக விற்ற ஒன்று. மார்வ் உல்ஃப்மன் எழுதுவார், ஜார்ஜ் பெரெஸ் வரைவார். பேட்மேனின் சீடன் ராபின்தான் அந்த இளைஞர் படைக்குத் தலைவன். ஆனால் நான் சொல்லும் புத்தகம் கடையில் தொங்கிய வழக்கமான இதழ் கிடையாது. போதைப்பொருள் பக்கம் போகாதீர்கள் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வதற்காகத் தனியாகத் தயாரித்து, பள்ளிகளில் இலவசமாகக் கொடுத்த புத்தகம். அதிபர் ரேகனின் மனைவி நான்சி ரேகன் அந்தப் பிரச்சாரத்துக்கு முகமாக இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் எழுதிய கடிதமும் உள்ளே அச்சாகியிருந்தது. செலவை ஏற்றுக்கொண்டது கீப்ளர் என்ற பிஸ்கட் கம்பெனி. மரப்பொந்துக்குள் குள்ளர்கள் உட்கார்ந்து பிஸ்கட் சுடுவதாக விளம்பரம் செய்த கம்பெனி அது. அந்தக் குள்ளர்களைத் தெரியாத அமெரிக்கக் குழந்தை அன்று இருந்திருக்காது.

புத்தகத்தைப் பிரித்தால் படை முழுவதும் இருக்கிறது. சைபார்க் இருக்கிறான், ஸ்டார்ஃபயர் இருக்கிறாள், கிட் ஃப்ளாஷ் இருக்கிறான். தலைவன் ராபின் மட்டும் இல்லை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் ‘ப்ரொடெக்டர்’ என்று முன்பின் யாரும் பார்த்திராத ஒருவன் நிற்கிறான். காவலன் என்று பொருள்படும் பெயர். ராபின் பேசியிருக்க வேண்டியதை அவன் பேசுகிறான், ராபின் செய்திருக்க வேண்டியதை அவன் செய்கிறான்.

ராபின் எங்கே போனான்? அவனுடைய உருவத்தைத் தின்பண்டத்துக்குப் பயன்படுத்தும் உரிமை அப்போது நபிஸ்கோவிடம் இருந்தது. நபிஸ்கோ, கீப்ளரின் போட்டிக் கம்பெனி. ஒருவர் காசில் அச்சாகும் புத்தகத்தில் இன்னொருவர் பிஸ்கட்டின் முகம் எப்படி வரும்? வராது. எடுத்துவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்குகிறாள். அவளுக்கு ராபினைத் தெரியும். டிவியில் பார்த்திருக்கிறாள், இதழ்களில் படித்திருக்கிறாள். அவன் சொன்னால் கேட்பாள் என்று நம்பித்தான் நாட்டின் முதல் பெண்மணியும் பதிப்பகமும் இந்த வேலையில் இறங்கினார்கள். அவள் நம்புகிறவன் வாயால் சொல்லவைப்பதுதான் திட்டத்தின் உயிரே. அந்த உயிரைக் கழற்றி வைத்துவிட்டு, யாரென்றே தெரியாத ஒருவனை அவள் முன் நிறுத்தினார்கள். ஒரு குழந்தையின் நம்பிக்கையும் ஒரு பிஸ்கட் ஒப்பந்தமும் நேருக்கு நேர் மோதின. ஒப்பந்தம் வென்றது.

எழுதியவரையோ வரைந்தவரையோ நான் குறை சொல்லவில்லை. அவர்கள் மனதார உழைத்தார்கள் என்பது பக்கங்களைப் புரட்டினாலே தெரியும். கீப்ளரில் இருந்தவர்களும் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் என்று நினைக்கவில்லை. எனக்குக் கவலை தருவது வேறு. குழந்தைக்குச் சொல்லும் எச்சரிக்கைக்கு யார் காசு கொடுக்கிறார்களோ, அந்த எச்சரிக்கை அவர்கள் வசதிக்கு வளைந்துவிடுகிறது. யாரும் வளைக்கச் சொல்லிக் கட்டளை போட வேண்டியதில்லை, தானாகவே வளையும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சிறுவர் பத்திரிகை ஒன்றில் பல ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். ஒரு தீபாவளி இதழுக்கு ஒரு கதை வந்திருந்தது. ஊரிலிருந்து வந்த பாட்டி பேரப்பிள்ளைகளுக்கு அதிரசம் சுட்டுக் கொடுக்கிறாள், அந்த அடுப்படியில் நடக்கிறது கதை. பின்னட்டை விளம்பரம் ஒரு பிஸ்கட் கம்பெனியுடையது. விளம்பரப் பிரிவில் இருந்தவர் என் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர், இன்றும் எனக்கு நண்பர். “அண்ணே, அந்த அதிரசத்தை பிஸ்கட்டுன்னு மாத்திட்டா அவங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்” என்றார். நான் மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து, கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதிய ஒரு கடிதம் வந்தது. ‘பாட்டி எண்ணெய்ச் சட்டியில் எப்படி பிஸ்கட் சுட்டாங்க?’ என்று ஒரு சிறுமி கேட்டிருந்தாள். சட்டியை மாற்ற நான் மறந்துவிட்டேன். அவளுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத என்னிடம் பதில் இல்லை. அதிரசம் பிஸ்கட் ஆனதால் யாருக்கும் கேடில்லைதான். ஆனால் அந்தப் பிள்ளை எங்கள் பத்திரிகையில் படித்ததை நம்பியவள். டைட்டன்ஸ் புத்தகத்தில் ராபின் இல்லை என்று பின்னாளில் அறிந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பென்சில் கையெழுத்துதான்.

டைட்டன்ஸ் வரிசையில் மூன்று புத்தகங்கள் வந்தன. மூன்றாவதற்குப் பணம் கொடுத்தது ஐபிஎம், கணினிக் கம்பெனி. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நடுவில் வந்த இரண்டாவது புத்தகத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் அமெரிக்கக் குளிர்பானத் தொழில்துறையினர். இங்கேதான் நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

உண்ணவும் பருகவும் விற்கிறவர்கள் போதைக்கு எதிராகப் பேசுவது பழைய வழக்கம். 1869இல் நியூஜெர்சி மாநிலத்தின் வைன்லாண்ட் ஊரில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிப் பதப்படுத்தி, புளித்து மதுவாகாமல் காத்தார். அவர் மெதடிஸ்ட் சபைக்காரர். தேவாலயத் திருவிருந்தில் மது பரிமாறக் கூடாது என்பது அவர் ஆசை. அதிலிருந்து வளர்ந்ததுதான் வெல்ச் திராட்சைச் சாறு என்ற பெரிய வியாபாரம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் ஜான் கேட்பரி 1824இல் கடை திறந்து தேநீர், காப்பியோடு கொக்கோவும் விற்றார். குவேக்கர் சமயத்தவர் அவர். தொழிலாளிகளை மதுவிலிருந்து மீட்க ஒரு மாற்றுப் பானம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. இந்த இருவர் விஷயத்திலும் கொள்கை முன்னே போனது, வியாபாரம் பின்னே வந்தது. அதனால் அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அட்லாண்டாவில் ஜான் பெம்பர்ட்டன் விஷயம் வேறு. அவர் மருந்துக் கலவைக்காரர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படையில் இருந்து, 1865 ஏப்ரலில், போர் முடியும் தறுவாயில், ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரச் சண்டையில் வாள்வெட்டுப் பட்டவர். வலிக்கு மார்ஃபின் எடுத்துக்கொண்டார். மார்ஃபின் அவரை விடவில்லை. அதிலிருந்து தப்ப வழி தேடிய மனிதர், கோக்கா இலைச் சாற்றில் நம்பிக்கை வைத்தார். 1885இல் வைனும் கோக்காவும் கலந்து ‘ஃப்ரெஞ்ச் வைன் கோக்கா’ என்ற பானம் விற்றார். அதே ஆண்டு நவம்பரில் அட்லாண்டா மக்கள் வாக்களித்து மதுவிலக்குக் கொண்டுவந்தார்கள். வைன் விற்க முடியாது. அவர் வைனை எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகு சேர்த்தார். 1886 மே மாதம் ஜேக்கப்ஸ் மருந்துக் கடையில் கோப்பை ஐந்து சென்ட்டுக்கு விற்பனைக்கு வந்த அந்தப் பானம்தான் கோக்கா கோலா. மதுவிலக்குப் பானம் என்று சொல்லியே அதை விற்றார்கள்.

வைன் போயிற்று, கோக்கா போகவில்லை. கோக்கா இலையில் இருப்பது கொக்கெயின். 1903 வாக்கில் அதை நீக்கும் வரைக்கும், குடியை வெறுத்த நல்ல குடும்பங்களின் தாய்மார் தங்கள் பிள்ளைகளோடு வந்து அருந்திய பானத்தில் கொக்கெயின் இருந்தது. யாரும் அவர்களை ஏமாற்றவில்லை. அட்லாண்டாவின் மதுவிலக்குச் சட்டம் தடுத்தது சாராயத்தை மட்டும்தான். கொக்கெயின் மருந்துக்கடைச் சரக்கு. பெம்பர்ட்டன் 1888இல் வறுமையில் இறந்தார், மார்ஃபினோடுதான் இறந்தார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவர் தேடியது விடுதலை.

அவர் கதை எனக்குக் காட்டுவது இதைத்தான்: எது போதை என்று சொல்கிற அதிகாரம் விற்கிறவர் கையில் இருந்தால், அவர் விற்காத பொருள்தான் போதை என்று ஆகிவிடும். 1983இல் குளிர்பானத் தொழில்துறையினர் பணத்தில் போதை எதிர்ப்புப் புத்தகம் வந்தபோது, கொக்கெயின் அந்தப் பானங்களைவிட்டுப் போய் எண்பது ஆண்டு ஆகியிருந்தது. அவர்களைப் பழைய கணக்குக்காகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி மாறவில்லை. எது ஆபத்து என்ற பட்டியலை எழுதுவது யார்?

1980களின் நடுவில் அமெரிக்க விளம்பரத் துறையினர் சேர்ந்து ‘போதையற்ற அமெரிக்காவுக்கான கூட்டமைப்பு’ என்ற பொருள்தரும் அமைப்பொன்றைத் தொடங்கினார்கள். 1987இல் அவர்கள் எடுத்த விளம்பரத்தை உலகமே அறியும். ஒருவர் கையில் முட்டையை எடுத்துக் காட்டி இதுதான் உன் மூளை என்கிறார். சூடான வாணலியைக் காட்டி இதுதான் போதைப்பொருள் என்கிறார். முட்டையை உடைத்து ஊற்றுகிறார், சுள்ளென்று பொரிகிறது. அவ்வளவுதான். விளம்பரக் கலை என்ற முறையில் அதற்கு ஈடு இல்லை, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலையில் அம்மா அதே முட்டையை அதே வாணலியில் பொரித்துத் தட்டில் வைக்கிறாள். எந்தப் போதைப்பொருள், எவ்வளவு, என்ன செய்யும், மீள முடியுமா? எதற்கும் அதில் பதில் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. காலை உணவின் வாசனைக்கு முன்னால் பயம் எத்தனை நாள் நிற்கும்?

அந்தக் கூட்டமைப்பின் கணக்கை 1992இல் சிந்தியா காட்ஸ் என்ற பத்திரிகையாளர் ‘தி நேஷன்’ இதழில் எழுதினார். நன்கொடை கொடுத்தவர்களில் சிகரெட் கம்பெனிகள் இருந்தன, பீர் கம்பெனிகள் இருந்தன, மருந்துக் கம்பெனிகள் நிறைய இருந்தன. கஞ்சாவும் கொக்கெயினும் விளம்பரத்தில் வந்தன. சிகரெட்டும் சாராயமும் வரவில்லை. 1997இல்தான் சிகரெட், மதுக் கம்பெனிகளின் பணத்தை வாங்குவதை நிறுத்தினார்கள்.

1993இல் மெக்கினிஸ், ஃபேகி என்ற இரண்டு மருத்துவர்கள் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1990ஆம் ஆண்டில் அமெரிக்கர்கள் உண்மையில் எதனால் செத்தார்கள் என்று மதிப்பிட்ட கட்டுரை அது. புகையிலையால் நான்கு லட்சம் பேர். தவறான உணவாலும் உடலுழைப்பு இல்லாமையாலும் மூன்று லட்சம் பேர். மதுவால் ஒரு லட்சம் பேர். சட்டவிரோதப் போதைப்பொருளால் இருபதாயிரம் பேர். மதிப்பீடுதான், உணவுக் கணக்கைப் பற்றிப் பின்னால் விவாதமும் நடந்தது. இருந்தாலும் இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் யாருடைய பணத்தில் யாரை எச்சரித்தார்கள் என்று பாருங்கள். சிகரெட் விற்றவர், பீர் விற்றவர், இனிப்புப் பானம் விற்றவர், பிஸ்கட் விற்றவர் எல்லோரும் கூடி இருபதாயிரத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசினார்கள். இருபதாயிரம் உயிர் அற்பமா? ஒரு நாளும் இல்லை. அந்த இருபதாயிரம் வீடுகளிலும் ஒரு தாய் அழுதிருப்பாள். ஆனால் மற்ற எட்டு லட்சம் பேருடைய தாய்மாரிடம் பேச யாரும் வரவில்லையே.

நம் ஊரில் இது வேறு வேடத்தில் நடக்கிறது. மது, புகையிலை விளம்பரம் தடையானதும், அதே பெயர், அதே எழுத்து, அதே நிறத்தோடு சோடாவும் ஏலக்காயும் விளம்பரத்துக்கு வந்துவிட்டன. 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய மறைமுக விளம்பரங்களுக்குத் தடை விதித்து வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கிரிக்கெட் பார்க்கிற யாருக்கும் அதன் பின்னும் என்ன நடக்கிறது என்று தெரியும். அங்கே உணவு, எச்சரிக்கைக்குப் பின்னால் நின்றது. இங்கே போதை, உணவுக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டிலும் பலியாகும் பிள்ளைக்கு ஒரே வயதுதான்.

அமெரிக்காவுக்கே திரும்புவோம். 1990 ஏப்ரல் 21, சனிக்கிழமை காலை. கார்ட்டூன் பார்க்கும் நேரம். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் என்று ஒன்றோடொன்று போட்டி போடும் நான்கு நிறுவனங்களும் ஒரே படத்தை ஒளிபரப்பின. ‘கார்ட்டூன் ஆல்ஸ்டார்ஸ் டு தி ரெஸ்க்யூ’ என்பது பெயர். அரை மணி நேரப் படம். கார்ஃபீல்டு பூனை, பக்ஸ் பன்னி முயல், வின்னி த பூ கரடி, ஸ்மர்ஃபுகள், நிஞ்ஜா ஆமை என்று வெவ்வேறு முதலாளிகளின் பாத்திரங்கள் ஒரே சட்டகத்தில் வந்தன. முன்னுரை சொன்னவர்கள் அதிபர் புஷ்ஷும் அவர் மனைவி பார்பராவும். ஆஸ்திரேலியாவில் அதே படத்துக்குப் பிரதமர் பாப் ஹாக் முன்னுரை சொன்னார். பணம் கொடுத்தது மெக்டொனால்ட்ஸின் குழந்தைகள் அறக்கட்டளை.

டைட்டன்ஸ் புத்தகத்தில் ஒரு ராபினுக்கு இடமில்லாமல் போயிற்று. இங்கே அத்தனை உரிமையாளர்களும் வேலியைத் திறந்துவிட்டார்கள். மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அந்தக் காலை சாட்சி, அதை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன். கதையிலும் ஒரு நல்ல இடம் உண்டு. மைக்கேல் என்ற பையன் கஞ்சா வாங்குவதற்காகத் தங்கை கோரியின் உண்டியலை எடுத்துக்கொண்டு போகிறான். அந்தத் தங்கையின் முகம் எந்த உபதேசத்தையும்விட நன்றாகப் பேசுகிறது. பிறகு பொம்மைகள் வரிசையாக வந்து அவனுக்குப் புத்தி சொல்கின்றன, ஒன்று போனால் இன்னொன்று. அங்கே படம் தளர்கிறது. அவன் சொல்வதைக் கேட்க ஒருவரும் உட்காரவில்லை.

இனிப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. என்ரிக்கே காமரேனா என்ற அமெரிக்கப் போதைத் தடுப்பு அதிகாரி 1985இல் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் கடத்தப்பட்டுச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அவர் ஊர்க்காரர்கள் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டார்கள். 1988இலிருந்து அது நாடு முழுக்க ‘சிவப்பு ரிப்பன் வாரம்’ ஆயிற்று. அக்டோபர் 23 முதல் 31 வரை பள்ளிகளில் கொண்டாடுகிறார்கள். 31ஆம் தேதி ஹாலோவீன், பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள். ஒரு மனிதர் உயிர்விட்ட நினைவு, மிட்டாய்த் திருவிழாவின் வாசலில் வந்து நிற்கிறது.

வகுப்பறைகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மிட்டாயில் ஒரு சீட்டைக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல் விளையாட்டு. குச்சி மிட்டாய்க்கு ‘சக்கர்’ என்று பெயர், ஏமாளிக்கும் அதே சொல். ஆகவே, ஏமாளி ஆகாதே, போதையைத் தொடாதே என்று குச்சி மிட்டாயில் எழுதுகிறார்கள். டோனட் என்ற சொல் ‘டூ நாட்’, அதாவது செய்யாதே என்பதுபோல ஒலிக்கும், ஆகவே டோனட்டில் ஒரு சீட்டு. ஸ்மார்ட்டீஸ் என்று ஒரு சர்க்கரை வில்லை உண்டு, பெயரிலேயே புத்திசாலி இருக்கிறான், ஆகவே புத்திசாலிகள் போதையைத் தொடமாட்டார்கள் என்று அதில். ஆசிரியைகள் தங்கள் கைக்காசில் வாங்கி, இரவு உட்கார்ந்து கட்டுகிறார்கள். அவர்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2000களின் பிற்பகுதியில் அந்த ஸ்மார்ட்டீஸையே அமெரிக்கப் பிள்ளைகள் உறைக்குள் வைத்து நொறுக்கிப் பொடியாக்கி, வாயால் இழுத்துப் புகைபோல ஊதத் தொடங்கினார்கள். மூக்கால் இழுத்தவர்களும் உண்டு. பள்ளிகள் பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. மிட்டாய்க் கம்பெனி இதைச் செய்யச் சொல்லவில்லை, ஆசிரியைகளும் சொல்லவில்லை. குழந்தை கண்ணால் பார்ப்பதைக் கையில் கிடைப்பதை வைத்துச் செய்து பார்க்கும். நம் பெட்டிக்கடைகளில் சிவப்பு நுனி வைத்த சிகரெட் மிட்டாய் விற்ற காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு விரலுக்கிடையில் அதை எப்படிப் பிடிப்பது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, என் தம்பிக்கும் தெரிந்திருந்தது. அப்பாவைப் பார்த்திருந்தோம்.

இவ்வளவு பிரச்சாரத்தால் பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். அளந்து பார்த்திருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறை 1983இல் தொடங்கி நாடெங்கும் பரவிய ‘டேர்’ என்ற பள்ளித் திட்டத்தைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 1999இல் வந்தது. அந்தப் பாடம் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் இருபது வயதில் வேறுபாடு தெரியவில்லை. 1998இல் தொடங்கிய அரசாங்க விளம்பர இயக்கத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. இளைஞர்களின் போதைப் பழக்கம் அதனால் குறைந்ததற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2006இல் எழுதியது.

அப்படியானால் பிள்ளைகளிடம் பேசவே கூடாதா? பேச வேண்டும். எப்படிப் பேசலாம் என்பதற்கும் காமிக்ஸ் உலகமே ஒரு பாடம் வைத்திருக்கிறது. முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். உங்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும்.

1954 முதல் அமெரிக்க காமிக்ஸ் இதழ்களுக்கு ஒரு தணிக்கைக் குழு இருந்தது. பதிப்பாளர்களே வைத்துக்கொண்ட குழு. அதன் முத்திரை அட்டையின் வலப்பக்க மேல் மூலையில், ஒரு தபால்தலை அளவில் இருக்கும். முத்திரை இல்லாத இதழைப் பல விற்பனையாளர்கள் தொடமாட்டார்கள். 1970 வாக்கில் அமெரிக்க அரசின் சுகாதார, கல்வித் துறை மார்வெல் காமிக்ஸுக்குக் கடிதம் எழுதி, போதையின் ஆபத்தைப் பற்றி ஒரு கதை போடுங்கள் என்று கேட்டது. ஸ்டான் லீ எழுதினார், கில் கேன் வரைந்தார். ஸ்பைடர்மேன் இதழ்கள் 96, 97, 98. பீட்டர் பார்க்கரின் அறைத்தோழன் ஹாரிக்கு மனம் உடைந்து போயிருக்கிறது. அவன் விரும்பும் பெண் அவன் பக்கம் திரும்பவில்லை. மாத்திரை சாப்பிடுகிறான், விழுகிறான். ஏன் சாப்பிட்டான் என்பதும் கதையில் இருக்கிறது.

தணிக்கைக் குழு முத்திரை தர மறுத்தது. எதிர்ப்புக் கதையாகவே இருந்தாலும் போதைப்பொருள் என்ற பேச்சே பிள்ளைகள் இதழில் கூடாது என்றது. ஸ்டான் லீ பதிப்பாளர் மார்ட்டின் குட்மனிடம் போனார். குட்மன் அச்சிடச் சொன்னார். 1971இல் மூன்று இதழ்களும் முத்திரை இல்லாமல் கடைக்கு வந்தன. அந்தச் செய்திக்காகப் பிஸ்கட் கம்பெனி எதுவும் பணம் கட்டவில்லை. நஷ்டம் வந்தால் வரட்டும் என்று ஒரு பதிப்பகம் தன் விற்பனையைப் பணயம் வைத்தது. இதழ்கள் விற்றன. அதே ஆண்டு தணிக்கைக் குழு தன் விதியைத் திருத்தியது.

விதி திருந்தியதும் டிசி காமிக்ஸ் ‘கிரீன் லேன்டர்ன்’ தொடரில் ஒரு கதை போட்டது. டென்னி ஓநீல் எழுதி நீல் ஆடம்ஸ் வரைந்தது. கிரீன் ஆரோ என்ற வில்வீரன் வளர்த்த பையன் ஸ்பீடி. வளர்த்தவன் ஊர் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், அந்தப் பையன் தனிமையில் ஹெராயினுக்குப் போய்விட்டான். வந்து பார்த்த வில்வீரன் என்ன செய்தான்? அடித்து விரட்டினான். ஊரைக் காக்கும் வீரன் சொந்தப் பிள்ளையிடம் தோற்றான் என்று பிள்ளைகள் படிக்கும் இதழிலேயே எழுதினார்கள். பெரியவர்களின் தவறையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்ன அந்தக் கதையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். என் பத்திரிகை நாட்களில் அப்படி ஒன்று எழுதத் துணிந்திருந்தால் என்று ஏங்கியிருக்கிறேன்.

அந்த ஸ்பீடி பிழைத்து எழுந்தான். பன்னிரண்டு ஆண்டு கழித்து, நான் பேச்சைத் தொடங்கிய அந்த 1983ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குள்ளும் அவன் வருகிறான். நானும் அந்தப் பழக்கத்தில் விழுந்தவன்தான், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்கிறான். ராபினை எடுத்த ஒப்பந்தம் அவனை எடுக்கவில்லை. எந்த பிஸ்கட் டப்பாவிலும் அவன் முகம் இல்லை.